வசந்தாமணி பிசைந்த சோறு

வசந்தாமணியிடம் வாயைக் கொடுத்து மீண்டவர்கள் எருமப்பட்டிச் சுற்று வட்டாரத்தில் யாரும் கிடையாது. தீவன லாரிக்காரர், முட்டை ஏற்ற வருகிற வியாபாரி, மின்கணக்கு எடுக்க வருபவர் என்று எல்லோரும் ஒருமுறையாவது அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். இருபதாயிரம் கோழிப் பண்ணைக்கு முதலாளி என்று பெயர்ப்பலகையில் இருப்பது அவள் புருஷன் மருதாசலத்தின் பெயர். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்த சந்தர்ப்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எல்லோரையும் வைதாலும் அவள் மனதார வெறுத்தது ஒரே ஒரு கூட்டத்தைத்தான். மனசுக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள். டாக்டர், உளவியலாளர், சமூகப் பணியாளர், நர்ஸ் என்று அவர்களுக்குள் எத்தனையோ பிரிவு இருக்கலாம். அவளுக்கு அத்தனை பேரும் ‘கிறுக்கு டாக்டருங்க’. அந்த வாசலை ஒருத்தன் மிதித்தான் என்று தெரிந்தால் அவனுக்கு எவனும் பெண் கொடுக்க மாட்டான், பங்காளி வீட்டு விசேஷத்தில் அவனுக்குப் பின்னால் குசுகுசுவென்று பேசுவார்கள். அவளே அப்படிப் பேசியவள்தான். அதனால் அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் வெட்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அப்படிப்பட்டவளின் ஒரே மகனுக்குத்தான் வந்தது.

சிவக்குமாருக்கு அப்போது இருபத்து நான்கு வயது. போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் சத்தீஸ்கர் பக்கம் போயிருந்தான். இரண்டாவது வருஷம், கூட வேலை செய்தவர்கள் அவனை ரயிலேற்றிக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள். தூக்கம் கிடையாது. துளை போட்ட குழிக்குள்ளிருந்து யாரோ தன் பெயரைச் சொல்கிறார்கள் என்றான். அதைவிடப் பெரிய தொல்லை, தன் சோற்றில் எதையோ கலக்கிறார்கள் என்று சொல்லித் தட்டைத் தூக்கி எறிந்தான். பத்து நாளில் கன்னம் ஒட்டிப் போயிற்று. ஒரு காலையில் கிணற்றுச் சுவர்மேல் ஏறி நின்றவனை மருதாசலம் இடுப்போடு சேர்த்துக் கட்டி இழுத்துக் கீழே போட்டார். அன்றுதான் வசந்தாமணி பயந்தாள். அவள் பயந்ததை ஊர் பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை.

சேலம் சூரமங்கலத்தில், இந்த ஊர்க்காரர் கண்ணில் படாத ஒரு சந்தில், தனியாக வைத்தியம் பார்க்கும் ஒரு மனநல மருத்துவரிடம் ஒரே ஒரு தடவை காரில் கூட்டிப்போனார்கள். அவர் மாத்திரை எழுதினார். சிவக்குமார் அதை நாக்குக்கடியில் வைத்திருந்து துப்பினான். அடித்துப் பார்த்தார்கள், அழுது பார்த்தார்கள். துப்பிக்கொண்டேயிருந்தான். மாத்திரை அவன் வயிற்றுக்குள் போகவேண்டும். வசந்தாமணிக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

“கோழிக்குச் சீக்கு வந்தா, கோழியெக் கேட்டுட்டா மருந்து குடுக்கறம்?” என்றாள் புருஷனிடம். “இருபதாயிரம் கோழிக்குக் குடுக்கறவ, ஒரு பையனுக்குக் குடுக்க மாட்டனா?”

மருதாசலம் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். வழக்கம்போல முடிக்கவில்லை.

கோழித் தீவனத்தில் மருந்து கலப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பொடியை அப்படியே மலைபோலக் கிடக்கிற தீவனத்தில் கொட்டினால் ஒரு கோழிக்கு மருந்தே போகாது, இன்னொரு கோழி செத்துப்போகும். முதலில் ஒரு கை மக்காச்சோள மாவில் பொடியைப் போட்டுக் கட்டைவிரலால் தேய்க்க வேண்டும். பிறகு அதை ஒரு சட்டி மாவோடு, அதையும் ஒரு மூட்டையோடு என்று பெருக்கிக்கொண்டே போகவேண்டும். வசந்தாமணி அதையே அடுப்படியில் செய்தாள். நுணுக்கிய மாத்திரையைத் தட்டின் ஓரத்தில் ஒரு சிட்டிகை ரசச்சோற்றில் வைத்துத் தேய்ப்பாள். அதை ஒரு பிடிச் சோற்றோடு இழுத்துப் பிசைவாள். பிறகுதான் முழுத் தட்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாற்போல என்று ஊரில் பொய்க்காரர்களைச் சொல்வார்கள். இவள் மறைத்தது கடுகளவு மாத்திரைதான். ஆனால் தினமும் மறைத்தாள்.

பலித்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு மாதத்தில் பையனுக்குத் தூக்கம் வந்தது. மூன்றாம் மாதம் தொலைக்காட்சியைப் பார்த்துச் சிரித்தான். ஊருக்கு ‘வடக்கே போன எடத்துல மஞ்சக்காமாலை’ என்று சொல்லி வைத்தாள். மாதம் ஒருமுறை கோயிலுக்கு வேண்டுதல் என்று கிளம்பிப்போய் மாத்திரை வாங்கி வந்தாள். ஒவ்வொரு தடவையும் அந்த டாக்டர், “பையனைக் கூட்டிட்டு வாங்க, பாக்காம எத்தனை நாள் எழுதறது?” என்பார்.

“அவன் ரிக் வண்டிக்குப் போயிட்டானுங்க. உங்குளுக்கென்ன, எழுதறதுதானுங்க வேலை?” என்று அங்கேயும் சண்டைக்கு நிற்பாள்.

மாத்திரை நோயைப் பிடித்த கையோடு பையனையும் பிடித்தது. காலையில் எழுந்திருக்க முடியவில்லை. தொப்பை விழுந்தது. கை லேசாக நடுங்கியது. முட்டை அட்டையைத் தூக்கினால் இரண்டு முட்டையாவது உடையும். திரும்ப ரிக்குக்குப் போகவேண்டும் என்பது அவன் ஆசை. நடுங்குகிற கையை வைத்துக்கொண்டு யார் வேலை கொடுப்பார்கள்? நாமக்கல்லில் போய்த் தைராய்டு பார்த்தான், சர்க்கரை பார்த்தான். ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லாமல் இப்படி இருக்கிறோமே என்று தன்னையே வெறுத்தான்.

வசந்தாமணி வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். “எருமெ மாதர தூங்கறான். சோம்பேறிக்கு எங்கீங்க கை நிக்கும்?” என்று வேலையாட்கள் எதிரில் சொன்னாள். காரணம் அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னாள். சொல்லாவிட்டால் யாராவது காரணத்தைத் தேடுவார்கள் என்ற பயம். பெத்த மனம் பித்து என்பார்கள். அந்தப் பித்துக்கு மட்டும் யாரும் மாத்திரை எழுதுவதில்லை.

மூன்று வருஷம் இப்படி ஓடியது. போன ஆவணியில் ஒருநாள், தீவனம் அரைக்கிற இயந்திரத்தில் பெல்ட் அறுந்து, சிவக்குமார் மத்தியானம் நேரத்தோடே சாப்பிட வந்துவிட்டான். அடுப்படி வாசலில் நின்றான். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். தட்டின் ஓரத்தில் ஒரு சிட்டிகைச் சோறு. கட்டைவிரல் தேய்த்தது. பிறகு ஒரு பிடி. பிறகு முழுத் தட்டும். அன்று காலைதான் அவன் அதேபோல இரண்டு மூட்டைத் தீவனத்துக்கு மருந்து கலந்துவிட்டு வந்திருந்தான்.

“ஏம்மா, கோழிக்குக் கலக்கற மாதர கலக்கறியே, என்ன அது?”

வசந்தாமணி திரும்பினாள். ஒரு நொடி அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. அடுத்த நொடி வாய் வந்துவிட்டது. “பழையபடி ஆரம்பிச்சுட்டயா? சோத்துல கலக்கறாங்க, கொழம்புல கலக்கறாங்கன்னு? உன்ற சீக்கு உன்னெ உடாதாடா?”

அவன் தட்டைத் தொடவில்லை. டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்தான். ஆனால் அவள் முந்திக்கொண்டுவிட்டாள். மாத்திரை அட்டைகள் எல்லாம் அதற்குள் கோழி எருக் குழிக்குள் கிடந்தன.

“சாமி முன்னால வா,” என்றான். பூஜை அலமாரி முன் தரையில் ஒரு கட்டி சூடத்தைக் கொளுத்தி வைத்தான். “அடிச்சுச் சொல்லு. எதையும் கலக்குலேன்னு.”

சூடம் அடித்துப் பொய்ச்சத்தியம் செய்தால் குலம் விளங்காது என்பது அந்த வீட்டில் எல்லோரும் நம்புகிற விஷயம். அந்த ஊரில் பங்காளித் தகராறுகள் கோர்ட்டுக்குப் போகாமல் அதிலேயே தீர்ந்திருக்கின்றன. மருதாசலம் கதவருகே நின்று, “வசந்தா…” என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் இனி மாத்திரை போகாது. மாத்திரை போகாவிட்டால் கிணற்றுச் சுவர். அவள் கண்ணுக்குத் தெரிந்தது அந்தச் சுவர்தான்.

“நான் ஒண்ணும் கலக்குலெ,” என்று சொல்லி உள்ளங்கையால் சுடரை ஓங்கி அடித்து அணைத்தாள்.

சிவக்குமார் கருகிய தரையைப் பார்த்தான். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்திருந்தாள். கத்தவில்லை. “அப்ப எனக்குத்தான் திரும்ப வந்துருச்சு,” என்றான் மெதுவாக. “என்ற கண்ணே எனக்குப் பொய் சொல்லுது. என்னெ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போம்மா.”

அவள் எத்தனையோ சண்டை ஜெயித்தவள். இப்படி ஒரு ஜெயிப்பை அவள் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் எருமப்பட்டி அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரு மனநலக் குழு வரும். சேலத்துக்குக் கூட்டிப்போக முடியாது. அந்த டாக்டர் வாயைத் திறந்தால் மூன்று வருஷமும் சந்திக்கு வந்துவிடும். அதனால் இத்தனை காலம் அவள் முக்காடு போட்டுத் தாண்டிப்போன அதே வாசலுக்குள், பட்டப்பகலில், மகனோடு போய் உட்கார்ந்தாள். தெரிந்த முகம் நான்கு இருந்தது. நால்வரும் அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களும் அவளுக்குப் பயந்து ஒளிந்து வருகிறவர்கள்தான் என்பது அவளுக்கு உறைக்க நேரமாயிற்று.

முதலில் தமிழினி என்ற பெண் நோட்டோடு வந்தாள். சமூகப் பணியாளராம். வீட்டில் யார் யார், என்ன வேலை, என்ன சண்டை என்று கேட்டாள். “வேற எங்கயாச்சும் மருந்து வாங்கிச் சாப்பிட்டிருக்காருங்களா?”

“இல்லெ. என்ற ஊட்டு வம்பு உனக்கெதுக்கு? டாக்டரெக் கூப்புடு.”

“டாக்டரெப் பாக்கறதுக்கு முன்னால ஊட்டெத் தெரிஞ்சுக்கறது என்ற வேலைங்க,” என்று அவள் எழுதிக்கொண்டே சொன்னாள். கோபப்படாதவர்களைக் கண்டால் வசந்தாமணிக்கு இன்னும் எரியும்.

பிறகு சண்முகவேல் என்ற உளவியலாளர் சிவக்குமாரை மட்டும் தனியறைக்குக் கூட்டிப்போனார். இவர் ஊசியும் போடமாட்டார், மாத்திரையும் எழுதமாட்டார், பேசுவதுதான் இவர் வைத்தியம் என்றார்கள். பேசுவது வைத்தியம் என்றால் இந்த மாவட்டத்துக்கே நான்தான் பெரிய டாக்டர் என்று வசந்தாமணி முணுமுணுத்தாள். முக்கால் மணி நேரம் கழித்து அவர் வெளியே வந்து, “அவர் சொல்றதுல எல்லாமே தெளிவா இருக்குதுங்க. ஒரு எடம் மட்டுந்தான் இடிக்குது,” என்று அவளையே பார்த்தார். அவள் சுவரில் ஒட்டியிருந்த காசநோய்ச் சுவரொட்டியைப் படித்தாள்.

மனநல மருத்துவர் பிரபாகர் சின்ன வயசுக்காரர். சிவக்குமாரின் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லிப் பார்த்தார். முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். “எத்தனை நாளா நடுங்குது?”

“ரெண்டு மூணு வருசமுங்க.”

“மாத்திரை சாப்பிடறவங்களுக்குத்தான் இப்படி நடுங்கும். நீங்க எதுவும் சாப்பிடலையா?” என்று அவனிடம் கேட்டுவிட்டு அவளைப் பார்த்தார். அவள் இல்லை என்று தலையசைத்தாள். அவர் சீட்டில் எழுதத் தொடங்கினார். மாதம் ஒரு ஊசி போட்டால் போதும், தினசரி மாத்திரை வேண்டாம், அதில் ஒன்றைச் சின்ன அளவில் ஆரம்பித்துப் பார்க்கலாம் என்றார்.

மாதம் ஒரே ஒரு ஊசி! நுணுக்க வேண்டாம். கலக்க வேண்டாம். பொய்க் கோயில் வேண்டாம். மூன்று வருஷமாக அவள் கேட்டது அதுதானே! அவள் செய்ய வேண்டியது வாயை மூடிக்கொண்டிருப்பது மட்டும். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை.

நர்ஸ் அங்காளம்மாள் ஊசி மருந்தை எடுத்துக்கொண்டு வந்தார். ஐம்பது வயசு இருக்கும், அவசரமில்லாத கை. சிவக்குமார் சட்டைக் கையைச் சுருட்டினான்.

“ஏனுங்க, வேற மாத்திரை மருந்து ஏதாச்சும் உள்ளெ போயிருக்குதா? நெசத்தெச் சொல்லோணும். ரெண்டும் சேந்துச்சுன்னா ஒடம்பு வெறச்சுக்கும், காய்ச்ச வந்துரும். உசுருக்கே ஆகாது,” என்றார் நர்ஸ்.

வசந்தாமணி வாயைத் திறப்பதற்கு முன்னால் சிவக்குமார் பதில் சொன்னான். “இல்லீங்க. எனக்கு அப்பிடித் தோணுனது சீக்குங்க. எங்கம்மா சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணிருக்காங்க. கையெப் பாருங்க, வெந்திருக்குது.”

தன்னைத் திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். காறித் துப்பியிருந்தாலும் தாங்கியிருப்பாள். அவன் அவளுக்காகப் பேசினான். அவள் கையில் கொப்புளம் இருப்பதை அவன் பார்த்திருக்கிறான்.

“ஊசி வேண்டாம்,” என்றாள். “குடுத்தேன். மூணு வருசமாக் குடுத்தேன். சோத்துல கலந்து குடுத்தேன். முந்தாநேத்து வரைக்குங் குடுத்தேன்.”

அங்காளம்மாள் ஊசியை அப்படியே தட்டில் வைத்தார். பிரபாகர் எழுதியதை அடித்தார். என்ன மாத்திரை, எத்தனை அளவு, யார் எழுதியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், “அவரு உண்மையச் சொன்னாரு. நான் அதை நோய்னு எழுதியிருப்பேன். மேல மேல மருந்து ஏத்தியிருப்பேன்,” என்றார். கோபமாகத்தான் சொன்னார்.

சண்முகவேல் சிவக்குமாரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். “முன்ன வடக்கே இருந்தப்ப வந்தது நோய்தானுங்க, அது நெசம். ஆனா இப்ப வந்தது நோய் இல்லெ. நீங்க கண்ணால பாத்தீங்க. சரியாத்தான் பாத்தீங்க.”

சிவக்குமார் தலையை ஆட்டினான். சுருட்டிய சட்டைக் கையை இறக்கிப் பொத்தானை மாட்டிக்கொண்டான். அப்புறம் அம்மாவின் பக்கம் திரும்பினான்.

“நான் என்னெச் சோம்பேறின்னு நெனச்சுட்டிருந்தேன்,” என்றான். “நீயும் அப்பிடித்தான் சொன்னே.”

அவ்வளவுதான். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவள் பஸ் பிடித்து வீடு வந்தாள்.

அன்றிலிருந்து அவள் கையால் ஆக்கிய எதையும் அவன் தொடவில்லை. சோறு, குழம்பு, டீ, மோர், அவள் மொண்டு கொடுத்த தண்ணீர் எதுவும் இல்லை. தோலோடு வாழைப்பழம், கண் முன்னால் வெட்டிய இளநீர், முட்டை அறையிலிருந்து தானே எடுத்துத் தானே வேகவைத்த முட்டை. ஓட்டுக்குள் யாரும் எதையும் கலக்க முடியாதே. இருபதாயிரம் கோழி வைத்திருக்கிற வீட்டில் பிள்ளை முட்டையாலேயே உயிர் பிழைத்தான். வசந்தாமணி கத்தினாள், அழுதாள், தட்டை அவன் எதிரில் வைத்துத் தானே ஒரு பிடி தின்று காட்டினாள். பையன் எழுந்து போனான். மருதாசலம் அன்றைக்கு ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்தார்: “நீயும் கலந்தே, நானும் பாத்துட்டிருந்தேன், ரெண்டு பேரும் வாயெ மூடிட்டு இருக்கலாம்.”

அடுத்த செவ்வாய் சிவக்குமார் தானாகவே அந்த வாசலுக்குப் போனான். வரும்போது கையில் ஒரு சின்ன நோட்டும் மாத்திரையும் இருந்தன. அளவைக் குறைத்து, மருந்தை மாற்றி எழுதியிருந்தார்கள். அம்மா எதிரில் ஒரு மாத்திரையை உடைத்து வாயில் போட்டான், குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்தான், வாயைத் திறந்து காட்டினான். “பாத்துக்கோ. தூக்கம் வந்து நான் தெளிஞ்ச பொறகு கேட்டிருந்தா, நானே சாப்பிட்டிருப்பேன்.” அது உண்மையா என்று யாருக்குத் தெரியும்? கேட்டவர்கள் யாருமில்லை.

அந்த வாரம் தமிழினி வீட்டுக்கு வந்தாள். வசந்தாமணி வாசல் படலை மறித்துக்கொண்டு நின்றாள். “என்ற பையனெ என்கிட்ட இருந்து பிரிச்சுட்டீங்கல்ல? இன்னும் என்ன பாக்க வந்தே?”

“அவரு எப்பிடி இருக்காருன்னு பாக்க வந்தனுங்க. உங்களையும் பாக்கத்தான்.” தமிழினி வெயிலிலேயே நின்று சொன்னாள். “மாத்திரை இனி அவரு பாடு. நீங்க எண்ணிப் பாக்காதீங்க, ஒளிஞ்சு பாக்காதீங்க. தூக்கம் கெட்டா மட்டும் எங்குளுக்குச் சொல்லுங்க.”

“மாத்திரை கெடக்கட்டும். சோறு? என்ற கையில எப்ப சோறு திம்பான்?”

“அதுக்கு எங்ககிட்ட மருந்து இல்லீங்க,” என்றாள் அந்தப் பெண்.

இரண்டு மாதத்தில் கை நடுக்கம் பாதி குறைந்தது. முட்டை உடைவது நின்றது. அவளோடு பேச்சு மட்டும் வரவில்லை. தீவனம், தண்ணீர், லாரி என்று வேலைக்கு வேண்டிய வார்த்தைகள், அவ்வளவே. கார்த்திகையில் ஒருநாள் அவன் எருமப்பட்டி போய்த் திரும்ப நேரமாயிற்று. வசந்தாமணி பயந்துகொண்டே நான்கு முட்டையை வேகவைத்து, ஓட்டோடு ஒரு தட்டில் வைத்து, அவன் உட்காருகிற இடத்தில் வைத்துவிட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

சிவக்குமார் வந்தான். தட்டைப் பார்த்தான். எழுந்து போகவில்லை. ஒரு முட்டையை எடுத்து, பண்ணையில் கீறல் முட்டையைப் பிரிக்கிறவர்கள் செய்வதுபோல, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உரித்தான். தின்றான். இரண்டாவதையும் அப்படியே. மூன்றாவதில் வேகும்போது விழுந்த ஒரு கீறல் இருந்தது, மயிரிழை அளவு. அதை எடுத்துத் தட்டுக்கு வெளியே தள்ளி வைத்தான். நான்காவதைத் தின்றுவிட்டுக் கைகழுவப் போனான்.

அவள் வெளியே வந்து அந்த மூன்றாவது முட்டையை எடுத்துக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் முட்டை அறையில் வேலையாட்கள் போன பிறகு அவள் மட்டும் விளக்கடியில் நின்றாள். அட்டையிலிருந்து ஒவ்வொரு முட்டையாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஓட்டில் சந்தேகத்துக்கு இடமில்லாத நான்கை மட்டும் முந்தானையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.